முந்தானைக்கு அடியில் நாலு விரல்

மெட்ராஸில் விடுதி அறையில் உட்கார்ந்து இதைப் பிரிக்கப்போகிற என் மகனுக்கு,

நீ அடுத்தடுத்துப் போட்ட கடிதங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. "என்ன ஆயிற்று அம்மா, ஒரு வரி எழுத மாட்டாயா" என்று கடைசிக் கடிதத்தில் கேட்டிருந்தாய். காகிதம் கிடைக்கவில்லை, தபால் பிந்திவிட்டது என்று யுத்தத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம். உண்மை அதுவல்ல. சொத்தைக் கடலையைத் தெரியாமல் கடித்துவிட்டவள் அதைத் துப்பி வாய் கொப்பளிக்கிற வரைக்கும் யாரோடும் பேச மாட்டாள் இல்லையா, அப்படி இருந்தேன். கோபம் என்றால் இதற்குள் தணிந்திருக்கும். இது கோபம் இல்லை சாமி, அருவருப்பு. தணியவே மாட்டேன் என்கிறது. அதனால் தணியாமலே எழுதுகிறேன். உனக்கு மீசை வந்துவிட்டது, ஆனர்ஸ் படிக்கிறாய், கல்யாணம் பேசுகிற வயது. நானும் நாற்பதைத் தொடாதவள், திட்டுவதற்குத் தெம்பு இருக்கிறது. இதைவிட்டால் நமக்கு நல்ல சமயம் வாய்க்காது.

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ருக்மணி என்று ஒரு பெண் இருக்கிறாள், சேலத்தில் கிறிஸ்தவக் கன்னிமார்கள் நடத்தும் பள்ளியில் தங்கிப் படித்தவள், நல்ல பண்ணையம், நல்ல குடும்பம் என்று உன் சித்தப்பா செய்தி கொண்டுவந்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நம் பக்கத்துக் காடு தோட்டத்தில் இங்கிலீஷ் எழுத்தைக் கண்ட பெண்ணைத் தேடுவது கொல்லிமலையில் கடல் மீனைத் தேடுகிற மாதிரி. உடனே உனக்கு எழுதினேன். நீ எழுதிய பதில் இப்போதும் என் முன்னால்தான் இருக்கிறது. பெண் கறுப்பா சிவப்பா என்று நீ கேட்கவில்லை. அதற்காக முதலில் பெருமைப்பட்டேன். அவள் சுபாவம் என்ன என்றும் கேட்கவில்லை. "நாளைக்கு நான் காலேஜில் லெக்சரராக வருவேன். பிரின்ஸிபால் வீட்டுத் தேநீருக்கு மனைவியை அழைத்துப் போக வேண்டியிருக்கும். நம் ஊர்க்காரர்கள் எல்லா அசையையும் ஒரே கனத்தில் போட்டுத் தட்டுவதுபோல அவள் பேசினால் எனக்கு உடம்பு கூசும். கீழே சில சொற்கள் எழுதியிருக்கிறேன். அழுத்தம் விழவேண்டிய இடத்தில் புள்ளி வைத்திருக்கிறேன். புள்ளி இல்லாமல் வேறு காகிதத்தில் எழுதிச் சித்தப்பா காட்டட்டும், பெண் படிக்கட்டும், நீ கேட்டு மார்க் போடு" என்று எழுதியிருந்தாய். மார்க் போடவாம். நான் போனேன். அதுதான் எனக்கு இன்னும் கூசுகிறது. பென்சிலைச் சீவி எடுத்துக்கொண்டே போனேன்.

அசை பிரிப்பதை உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். அதில் எனக்கு வெட்கமில்லை, வெட்கப்படவும் மாட்டேன். தாடைக்குக் கீழே புறங்கையை வைத்துக்கொள், சொல்லைச் சொல்லு, தாடை எத்தனை தடவை இறங்கிக் கையைத் தொடுகிறதோ அத்தனை அசை என்று சொன்னேன். நீ களத்துமேட்டில் தாடையில் கையை வைத்துக்கொண்டு எக், ஸா, மி, நே, ஷன் என்று சொல்லிக்கொண்டு நடப்பாய். வேலைக்கு வந்தவர்கள் பையனுக்குப் பல்வலி என்று கிராம்பு கொண்டுவந்து கொடுத்தார்கள். அப்புறம் மலை தேடுகிற விளையாட்டு. நம் ஊர்ப்பக்கம் எப்படி? கண்ணுக்கு எட்டினவரை சமதரை. நடுவில் திடீரென்று ஒரே ஒரு மலை நிற்கும். நீளமான இங்கிலீஷ் சொல்லும் அப்படித்தான், எத்தனை அசை இருந்தாலும் ஒன்றுதான் ஓங்கி நிற்கும், மற்றவை தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும் என்றேன். "மலை எங்கே சாமி?" என்று கேட்பேன். ஷன் என்று முடிகிற சொல்லில் அதற்கு முந்தின அசையில் மலை. இட்டி என்று முடிந்தால் அந்த இட்டிக்கு முன்னால் மலை. இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு நீ வீடு முழுக்க ஓடினாய். அப்போது உன் முகத்தில் இருந்தது சந்தோஷம். யாரையும் மட்டம் தட்டுகிற சந்தோஷம் இல்லை அது. அதை எங்கே தொலைத்தாய்?

நான் மெட்ராஸில் இன்டர்மீடியட் படித்தபோது ஒரு வெள்ளைக்கார ஆசிரியை இருந்தாள். நாங்கள் வாசித்தால் மேஜையை ரூல்தடியால் தட்டிக்கொண்டே, "போலீஸ்காரன் நடக்கிறதுபோல வாசிக்கிறாய், ஒவ்வொரு காலும் ஒரே சத்தம்" என்பாள். மாயவரத்திலிருந்து வந்த ஒரு பெண் கம்ஃபர்ட்டபிள் என்ற சொல்லில் நடுவிலே அழுத்திவிட்டாள். அதற்காக அந்த ஆசிரியை அவளை எழுந்து நிற்கச் சொல்லி, மணி அடிக்கிற வரை அதே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள். வகுப்பே சிரித்தது. அந்தப் பெண்ணின் கழுத்து நரம்பு துடித்ததை நான் பார்த்தேன். அந்த வெள்ளைக்காரி அவள் தாய்மொழியைக் காப்பாற்றினாள் என்றாவது ஒரு சமாதானம் சொல்லலாம். உனக்கு என்ன சமாதானம் சொல்வது? நீ பிறந்தது கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கிற சத்தத்தில். உன் அப்பா இன்றைக்கும் இஸ்டேசன் என்றுதான் சொல்கிறார், அந்த வாயால்தான் உனக்கு மாதாமாதம் பணம் அனுப்பச் சொல்கிறார்.

சரி, போன கதையைச் சொல்கிறேன். நானும் உன் அப்பாவும் உன் தங்கையும் சவாரி வண்டியில் போனோம். சித்தப்பா சேலத்திலிருந்து நேராக வந்துவிட்டார். வக்கீல் குமாஸ்தா அல்லவா, கோட்டுப் போட்டுக்கொண்டு ஜட்ஜ் மாதிரி இறங்கினார். உப்பும் சர்க்கரையும் துணியில் முடிந்து எடுத்துப் போயிருந்தேன். பிடித்துவிட்டால் அங்கேயே மாற்றிக்கொண்டு பேச்சை முடித்துவிடலாம் என்று உன் அப்பா அவசரப்பட்டார். வீடு அகலமான வீடு. கட்டுத்தறியில் வரிசையாக மாடுகள். பெண்ணின் அப்பா மாட்டு வியாபாரத்தில் பேர் எடுத்தவர். கச்சாயமும் காபியும் வந்தன. எனக்கு வாயில் வைக்கவே மனசில்லை. ஜமுக்காளத்தில் ருக்மணியை உட்கார வைத்தார்கள். அவளை ஒட்டி அவள் அம்மா உட்கார்ந்தாள். மகளின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்து, அதன்மேல் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பெண்ணுக்குக் கூச்சம், தாய் கையைப் பிடித்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

சித்தப்பா தொண்டையைச் செருமினார். "அண்ணி, பென்சிலை எடுத்துக்குங்க. நான் ஒவ்வொண்ணாக் காட்டறேன், அம்மிணி படிக்கட்டும். எங்கே அழுத்தம் உழுகுதுன்னு நீங்க கவனிச்சுக்குங்க."

"ஏன்டா, படிச்சாப் போதாதா? அழுத்தம் வேறயா?" என்றார் உன் அப்பா.

பெண்ணின் அப்பா சிரித்தார். "அழுத்தம் எம் புள்ளைக்கு உண்டுங்க. மூக்கணாங்கவுத்தைப் புடிச்சாள்னா எந்த மாடும் ஒரு அடி நவுராதுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதல் சொல் எக்ஸாமினேஷன். அவள் ஒரு கணம் நிறுத்தி, நாலாவது அசையில் சரியாகத் தூக்கிச் சொன்னாள். அடுத்தது ரெஸ்பான்ஸிபிலிட்டி. அதிலும் நாலாவது. அழகாகச் சொன்னாள். மூன்றாவது அக்ரிகல்ச்சர், முதல் அசையிலேயே அழுத்தி மற்றதை நழுவ விட்டாள். என் நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. அப்போதுதான் அந்த முந்தானை அசைவதைப் பார்த்தேன்.

மாட்டுச் சந்தையில் விலை பேசுவதை நீ எத்தனை தடவை பார்த்திருப்பாய். வாயால் பேச மாட்டார்கள். தரகர் துண்டை எடுத்துக் கையின்மேல் போட்டு, அடியில் வாங்குகிறவன் விரலைப் பிடிப்பார். எத்தனை விரலோ அத்தனை. சுற்றி நிற்கிற யாருக்கும் தெரியாது, துண்டு மட்டும் லேசாக நெளியும். என் அப்பாவின் தோளில் உட்கார்ந்து அந்த நெளிவைப் பார்த்து வளர்ந்தவள் நான். எனக்குத் தெரியாதா? அந்த அம்மா மகளின் விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எத்தனையாவது அசையோ அத்தனை விரல். எழுத்து வாசனை இல்லாத அந்த அம்மாளுக்கு இது எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய். பின்னால்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். எப்படியும் இந்தச் சம்பந்தத்தை முடித்துவிட வேண்டும் என்று உன் சித்தப்பாவே உன் சொற்களையும் புள்ளிகளையும் முன்கூட்டியே பெண்ணின் அப்பாவிடம் ஒப்பித்துவிட்டார். அவர் அதை வரிசையாக விரல் கணக்காக்கி மனைவிக்குப் பழக்கியிருக்கிறார். பெண் பயத்தில் மறந்துவிட்டால் துணைக்கு இருக்கட்டும் என்று.

அந்த இடத்தில் எனக்கு வந்த முதல் வெறுப்பு அவர்கள் மேல்தான். அதை மறைக்க மாட்டேன். சீ, பெண்ணைக் கொடுக்கிறதிலும் துண்டு வியாபாரமா என்று நினைத்தேன். பென்சிலை இறுக்கிப் பிடித்தேன், இதோ கண்டுபிடித்துவிட்டேன் என்று எழுந்து சொல்லிவிடவும் பார்த்தேன். அதற்குள் சித்தப்பா காகிதத்தைத் திருப்பினார். திருப்பும்போது பின்பக்கத்தில் முதலாவதாக இருந்த அட்மினிஸ்ட்ரேஷனை அவர் கட்டைவிரல் மறைத்துவிட்டது. அடுத்த சொல்லாகிய யூனிவர்ஸிட்டியைக் காட்டினார். அதற்கு மூன்றாவது அசையில் அழுத்தம். ஆனால் அந்த அம்மா வரிசைப்படிதானே பிடிப்பாள்? தாண்டிப்போன சொல்லுக்குரிய நாலு விரலைப் பிடித்தாள்.

நான் அந்தப் பெண்ணின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் வருவதற்கு முன்னால் அவள் உதடு மூன்றாவது இடத்தில் சரியாகக் குவிந்தது. அவளுக்குத் தெரிந்திருந்தது. அப்புறம் அவள் பார்வை ஒரு நொடி மடியில் இறங்கிற்று. குவிந்த உதட்டைக் கலைத்துவிட்டு, நாலாவது அசையில் நன்றாக அழுத்தி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரித் தப்பாகச் சொன்னாள்.

"தப்பு!" என்றார் சித்தப்பா. இத்தனை சத்தமாகச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சொல்லிக்கொடுத்த சொல்லிலேயே தப்பு வந்துவிட்டதே என்று அவருக்கு எரிச்சல். அடுத்தது ஃபோட்டோகிராஃபர். இரண்டாவதில் அழுத்தம். அவள் அம்மா யூனிவர்ஸிட்டிக்காக வைத்திருந்த மூன்று விரலைப் பிடித்தாள். மறுபடியும் அதே கதை. உதடு சரியாகப் போயிற்று, கண் மடியில் இறங்கிற்று, வாய் தப்பாகச் சொல்லிற்று. "ஃபோட்டோ... கிரா... ஃபராம்! படம் புடிக்கறவன் கேட்டா ஓடிப்போயிருவான்" என்று சித்தப்பா சிரித்தார். உன் அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, இருந்தாலும் தம்பி சிரிக்கிறாரே என்று அவரும் சிரித்தார். அந்த அம்மா மகளின் தொடையில் கிள்ளினாள். "எத்தனை நாளாச் சொல்லிக் குடுத்தேன் அம்மிணி, இப்படிக் கெடுக்கறயே" என்று அடிக்குரலில் அழுதாள். ருக்மணி தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. "போதும், நிறுத்துங்க" என்று எழுந்துவிட்டேன். கை கழுவ வேண்டும் என்று சொல்லிப் புழக்கடைக் கிணற்றடிக்குப் போனேன்.

தண்ணீர் மொண்டு ஊற்ற அவளைத்தான் அனுப்பினார்கள். நான் கேட்டேன். "அம்மிணி, உனக்கு அந்தச் சொல்லெல்லாம் தெரியும்தானே?"

அவள் சொம்பைக் கீழே வைக்கவில்லை. "தெரியுமுங்க அத்தை. பள்ளிக்கூடத்துல சிஸ்டர் சொல்லிக் குடுத்தாங்க."

"அப்பறம் ஏன் தப்பாச் சொன்னே?"

"அம்மா நாலு விரலைப் புடிச்சுட்டாங்களே."

"அவங்க புடிச்சாப் புடிக்கட்டும். உனக்குத் தெரிஞ்சதைச் சொல்றதுக்கென்ன?"

அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நான் சரியாச் சொல்லியிருந்தா, தான் புடிச்ச விரலு தப்புன்னு அம்மாவுக்குத் தெரிஞ்சு போயிருமுங்க. சோறு தண்ணி இல்லாம விரலை எண்ணிட்டே கெடந்தாங்க. தன்னாலதான் புள்ளைக்குக் கெட்டுப்போச்சுன்னு நெனச்சா அவங்க தாங்க மாட்டாங்க. இப்ப நாந்தான் மறந்துட்டேன்னு நெனச்சுக்குவாங்க. வைவாங்க, அவ்வளவுதானுங்களே."

கேட்டாயா? அவள் சொன்ன தமிழில் எந்த அசையும் ஓங்கவில்லை, எல்லாம் ஒரே கனம். உனக்கு உடம்பு கூசுமே, கூசட்டும். நான் அந்தக் கிணற்றடியில் நின்றுகொண்டு, என் இடுப்பில் செருகியிருந்த பென்சிலைத் தொட்டுப் பார்த்தேன். என்னவோ அட்டைப் பூச்சி ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. எடுத்துச் சாக்கடையில் போட்டேன். நல்ல பென்சில், இப்போது கடையில் கிடைக்காது. போகட்டும்.

உள்ளே வந்ததும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சம்பந்தியம்மா, புள்ளை பயந்துட்டாளுங்க. இன்னொருக்காப் படிக்கச் சொல்லுங்க. அவ நல்லாப் படிக்கறவதானுங்க" என்றாள். என்னைவிட மூத்தவள். காலில் விழுந்துவிடுவாளோ என்று பயந்து நானே அவளைப் பிடித்துக்கொண்டேன். என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் மகள் பட்ட பாடு வீணாகிவிடும். "உங்க பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்லீங்க" என்று மட்டும் சொன்னேன். அவள் நம்பவில்லை. உப்புச் சர்க்கரை முடிச்சை அவிழ்க்காமலே கிளம்பிவிட்டேன். மாற்றிக்கொண்டால் அவள் உனக்கு மனைவியாகிவிடுவாள். அவள் உன் வீட்டுக்கு வந்ததும் நீ ஒவ்வொரு நாளும் அவள் வாயைக் கவனித்துக்கொண்டிருப்பாய். உன்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று தெரிந்ததையும் தெரியாததாக்கி, நீ பிடிக்கிற விரலுக்கெல்லாம் அவள் ஆடுவாள். அது எனக்குச் சகிக்கவில்லை.

வண்டியில் உன் அப்பா கத்தினார். "என்னடி உனக்கு வந்துது? ரெண்டு சொல்லுத் தப்பாச் சொன்னா என்ன, அந்தப் புள்ளை நம்ம மாட்டுகிட்ட இங்கிலீசா பேசப்போகுது? பையன் கேக்கறான்னு போனோம், சரி. நீ எதுக்கு முடிச்சைத் திருப்பி எடுத்துட்டு வாரே?" எனக்குப் பெண் வேண்டாம் என்று இல்லை, பெண்ணுக்கு நீ வேண்டாம் என்று எப்படி ஒரு தகப்பனிடம் சொல்வது? வீட்டுக்கு வந்த மறுநாள் உன் தங்கை மரப்பாச்சியை உட்கார வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். "எக்ஸாமினேஷன் சொல்லு" என்றாள். அது சொல்லவில்லை. "தப்பு! போ!" என்று தூக்கி வெளியே எறிந்தாள். உன் சித்தப்பாவின் குரல் அப்படியே. இவளை நாளைக்கு எந்த ஜமுக்காளத்தில் உட்கார வைப்பேன், எவன் காகிதத்தில் எந்தப் புள்ளி வைத்து அனுப்புவான் என்று நினைத்து எத்தனையோ வேலை கெட்டுப்போயிற்று.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதாமலே விட்டிருப்பேனோ என்னவோ. முடியவில்லை. உன் சித்தப்பாவுக்கு நாக்கு நிற்காதே. சேலத்தில் தொடங்கி ஆத்தூர் வரைக்கும் பேச்சுப் பரவிவிட்டது. இங்கிலீஷ் வரவில்லை என்று அந்தப் பெண்ணைத் தள்ளிவிட்டார்கள், கன்னிமார் பள்ளியில் படித்தது எல்லாம் பொய் என்று ஆரம்பித்து, அவளுக்குத் திக்குவாய் என்று ஒருத்தி என்னிடமே வந்து சொன்னாள். பார்க்க வருகிறோம் என்றிருந்த வேறொரு வீட்டாரும் நின்றுவிட்டார்கள். பெற்ற தாயைக் காப்பாற்றுவதற்காக ஒரு பெண் வேண்டுமென்றே தப்பாகச் சொன்ன சொற்கள், அவள் வாழ்க்கையை அடைக்கிற கல்லாகிவிட்டன. நீயோ உன் கடிதத்தில் "அவள் உச்சரிப்பு எப்படி?" என்று கேட்டிருக்கிறாய்.

நேற்று முன்தினம் உன் அப்பாவிடம் சொல்லாமல் வண்டியைப் பூட்டிக்கொண்டு நான் மட்டும் அந்த வீட்டுக்குப் போனேன். பெற்ற மகனுக்கு எதிராக ஒருத்தி இப்படிச் செய்யலாமா, இதனால் நாளைக்கு உனக்கும் உன் தங்கைக்கும் யார் வாசல் மிதிப்பார்கள் என்று வண்டியைத் திருப்பச் சொல்ல இரண்டு தடவை வாய் திறந்தேன். ஆனாலும் போய்ச் சேர்ந்துவிட்டேன். பெண்ணின் அப்பா கட்டுத்தறியில் இருந்தார். முகம் கொடுத்துப் பேசவில்லை. "ஏனுங்க, இன்னும் என்ன பாக்கி இருக்குதுங்க?" என்றார்.

"ஒண்ணு சொல்ல வந்தேனுங்க. நாங்க வேண்டாம்னு சொன்னதா ஊர்ல பேசறாங்க. நீங்க சந்தைக்குப் போறப்போ, பொண்ணு வீட்டுக்காரங்க நாங்கதான் அந்தப் பையன் வேண்டாம்னுட்டோம்னு சொல்லிருங்க."

"அதெப்படிங்க? நடக்காததைச் சொல்றது?"

"அம்மிணியைக் கூப்பிட்டுக் கேளுங்க. அது சொன்னா நடந்ததாயிருமில்லீங்களா?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு மகளைக் கூப்பிட்டார். "அம்மிணி, இவங்க பையன் உனக்கு வேணுமா, வேண்டாமா? வாயைத் தொறந்து சொல்லு." அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒரு சாடையும் காட்டவில்லை. கையைக்கூடப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் அப்பா பக்கம் திரும்பி, "வேண்டாமுங்கப்பா" என்றாள். என் பிள்ளையை ஒருத்தி வேண்டாம் என்கிறாள், பக்கென்று ஆகத்தான் செய்தது. பெற்றவள்தானே. ஆனால் அதற்கடுத்த மூச்சில், இத்தனை நாளாகத் தொண்டையில் நின்றது கொஞ்சம் இறங்கிற்று.

"சரிங்க, காரணம் கேப்பாங்களே? நல்லாப் படிச்ச பையன், நஞ்சை புஞ்சை இருக்குது. என்னன்னு சொல்றது?" என்று அவர் கேட்டார்.

அதை நான் யோசித்துக்கொண்டு போகவில்லை. மாடுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு என்ன தோன்றும்? "தலையில சுழி சரியில்லைன்னு சொல்லிருங்க" என்றேன்.

அந்த மனிதர் அதுவரைக்கும் கல்லாக நின்றவர், சுழி சரியில்லாத எத்தனை மாட்டைத் தள்ளியிருப்பார், வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவர் மனைவி உள்ளிருந்து எட்டிப் பார்த்து, என்ன ஏது என்று விளங்காமலே அவளும் சிரித்தாள். ருக்மணி மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

திரும்பி வந்து உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கிணற்றடிப் பேச்சை மட்டும் சொல்லவில்லை. அது அந்தத் தாயின் காதுக்கு எந்த வழியாகவும் போய்விடக் கூடாது. உனக்குச் சொன்னது, நீ தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்பதற்காக. உன்னோடு அது நிற்க வேண்டும். அப்பா என்னோடு பேசவில்லை. தோட்டத்துச் சாளைக் குடிசையில் படுத்துக்கொள்கிறார். "பெத்த பையனைச் சந்தையில வித்துட்டு வந்திருக்கறா" என்று வேலைக்காரர்களிடம் சொல்கிறாராம். சொல்லட்டும். அவருக்கும் காரணம் தெரியாது, உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அது போதும்.

பொங்கலுக்கு நீ வருவாய். சங்ககிரி ஸ்டேஷனில் இறங்கும்போது குளிராக இருக்கும், கம்பளியை மறக்காதே. உனக்கு இருமல் வேறு. மூடு வண்டி அனுப்ப மாட்டேன். திறந்த பார வண்டிதான் வரும், சந்தைப் பக்கமாகத்தான் ஓட்டச் சொல்லியிருக்கிறேன். சந்தை நாளாகத்தான் இருக்கும். பெண் வீட்டார் உன்னை வேண்டாம் என்றது அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். உன்னிடமே வந்து கேட்பார்கள், நம் ஆட்கள் கேட்காமல் விட மாட்டார்கள். ஆமாங்க, வேண்டாம்னுட்டாங்க என்று சொல். அதற்கு மேல் ஒரு சொல் கூடாது. அந்தப் பெண் தப்பாகப் படித்தாள் என்றோ, நீதான் முதலில் சோதிக்கச் சொன்னாய் என்றோ, இங்கிலீஷ் என்றோ வாயைத் திறக்காதே. உன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள உனக்கு நல்ல பதில் இருக்கும், நாக்கு நுனியில் வந்து நிற்கும். அதை விழுங்கு. விழுங்குவது எப்படி இருக்கும் என்று கொஞ்சம் தெரிந்துகொள். யாராவது கிழவர் வண்டியை நிறுத்தி உன் உச்சந்தலையை உற்றுப் பார்த்தால், தலைப்பாகையைக் கழற்றிக் குனிந்து காட்டிவிட்டு வீட்டுக்கு வா. சோறு ஆக்கி வைத்திருப்பேன்.

உன்னைப் பெற்றவள்.